கரிப்பெட்டியைக் கழற்றிய ஞாயிறு

"நீ போயிட்டு வா, நான் வரல" என்று என் அண்ணன் சொன்னது ஒரு வெள்ளிக்கிழமை காலையில். அது ஆஸ்பத்திரி நாள். நான் வழக்கம்போல எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, அவரை அவசரப்படுத்த ஹார்னையும் ஒரு தரம் அழுத்திவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். அவர் கம்பளித் தொப்பியோடு வாசலில் நின்றார். படியை விட்டு இறங்கவில்லை.

"வண்டிக்குள்ள பெற்றோல் நாத்தம் கொடலப் பொரட்டுது. என்னால முடியாதுடா."

நான் மட்டும் போய் என்ன செய்ய? சுத்தம் பண்ண வேண்டியது அவருடைய ரத்தம். அவருக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு சில வருஷமாகிறது. செவ்வாயும் வெள்ளியும் நுவரெலியாவில் மெஷினுக்குப் பக்கத்தில் படுத்து, கையில் ஊசி ஏற்றி, ரத்தத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு வர வேண்டும். டயகமவிலிருந்து பஸ் மாறிப் போய்வர அவர் உடம்பு தாங்காது. அண்ணி செத்துப்போய்விட்டார், பிள்ளைகள் இல்லை. ஆகவே நானும் என் மனைவியும் என்னுடைய கெப் வண்டியும்தான் அவருக்கு. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தட்டு. மற்ற நாளில் லீக்ஸும் கரட்டும் கொட்டகலைக்கு ஏற்றுவேன். அந்த இரண்டு நாளும் அண்ணனை ஏற்றுவேன்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அன்றைக்கும் வந்தது. "வாந்தி வந்தா எடுங்க, பை இருக்கு. ஏறுங்க" என்று கத்தினேன். கடைசியில் என் மனைவி அழுத பிறகுதான் ஏறினார். லிந்துலை தாண்டுமுன் மூன்று இடத்தில் நிறுத்தினோம். திரும்பி வரும்போது கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, பனியில் முகத்தை வெளியே நீட்டிக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் இறங்கி, "அடுத்த தடவ என்னையத் தூக்கித்தான் போடணும்" என்றார். அவர் சும்மா மிரட்டுகிற ஆளில்லை.

போகாமல் விட்டால் என்ன ஆகும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒரு தடவை பார்த்திருக்கிறோம். நாட்டில் பெற்றோல் இல்லாமல் போன காலம் அது. வண்டி பெற்றோல் ஷெட்டுக்கு வெளியே வரிசையில் நின்றது. வரிசை நகரவில்லை. நான் வண்டிக்குள்ளேயே தூங்கி எழுந்தேன். வீட்டில் அண்ணனுக்கு ஆஸ்பத்திரி நாள் வந்து, அது தவறி, அடுத்ததும் தவறியது. கால் வீங்கி, முகம் வீங்கி, நெஞ்சில் தண்ணீர் சேர்ந்து படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கினார். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள் மோட்டார் சைக்கிள்களில் மிச்சம் இருந்த பெற்றோலைக் குழாய் வைத்து உறிஞ்சி, சோடாப் போத்தல்களில் சேர்த்து, ஒரு முச்சக்கர வண்டிக்கு ஊற்றி அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்தது. எனக்கு மட்டுமில்லை, மலையில் வண்டி வைத்திருக்கிற பாதிப் பேருக்கு வந்தது. ஷெட்டில் பம்ப் தானாக 'டக்' என்று நின்றாலும் நாங்கள் விடுவதில்லை. வண்டியின் பின்தட்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுவோம். உள்ளே இருக்கிற காற்று குமிழி விட்டு வெளியே வரும். திரும்ப ஊற்றச் சொல்வோம். திரும்ப ஆட்டுவோம். பெற்றோல் வாய்க்குழாயில் மினுங்குவது கண்ணுக்குத் தெரிந்தால்தான் மூடியைப் போடுவோம். பம்ப் அடிக்கிறவரே "ஆட்டுங்க, ஆட்டுங்க" என்பார். அப்படி நிரப்பிக்கொண்டு வந்த அன்றைக்குத்தான் எனக்கு நல்ல தூக்கம் வரும்.

நாற்றத்துக்கு வருவோம். அண்ணன் தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து வாடப்போடுகிற மாடியிலும் அரைத்த தூள் நிறம் மாறுகிற அறையிலும் காலம் முழுக்க வேலை செய்தவர். தேயிலை பக்கத்தில் இருக்கிற எந்த வாடையையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் அந்த அறைகளுக்குள் மண்ணெண்ணெய் பட்ட துணியோடு போகக்கூடாது, வெங்காயம் உரித்த கையோடு போகக்கூடாது, தலையில் வாசனை எண்ணெய்கூடக் கூடாது. வேலைக்கு வருகிறவர்களை முகர்ந்து பார்த்து வெளியே அனுப்புகிற மூக்கு அவருடையது. சிறுநீரகம் போனாலும் மூக்கு போகவில்லை. இதில் என்ன கொடுமையென்றால், தேயிலையோடேயே வாழ்ந்த அந்த மனிதர் இப்போது காலையில் அரைக் கிளாஸ் பாலில்லாத சாயத்தண்ணிதான் குடிக்கலாம். நாள் முழுக்கக் குடிக்கிற தண்ணீருக்கே அளவு. அந்த அரைக் கிளாஸைக் குடிக்குமுன் அவர் ரொம்ப நேரம் முகர்ந்துகொண்டிருப்பார்.

நாற்றம் தொடங்கிய வாரங்களில் நான் முதலில் லீக்ஸின் வெங்காய வாடை மேல் பழி போட்டேன். வண்டியைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். சீட்டுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வெட்டி வைத்தேன். கடையில் விற்கிற வாசனை டப்பா ஒன்றை வாங்கித் தொங்கவிட்டேன். "இப்ப மல்லியப்பூப் பெற்றோலு" என்றார் அண்ணன். அதோடு அதையும் கழற்றி எறிந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை திரும்பி வந்த பிறகுதான் ஒன்று பிடிபட்டது. நிரப்பிய அன்றைக்கு நாற்றம் கூடுகிறது. ஷெட்டை விட்டு வெளியே வரும்போது எஞ்சின் இருமுகிறது, சில நேரம் நின்றுபோகிறது. வாலிபத்தில் நான் ஒரு கராஜில் கொஞ்ச நாள் கையாளாக வேலை செய்தவன். வண்டிக்குக் கீழே படுத்துப் பார்த்தேன். டேங்க் ஒழுகவில்லை, பைப் ஒழுகவில்லை. டேங்குக்குப் பக்கத்தில், சட்டத்தோடு முடுக்கியிருந்த கறுப்புப் பெட்டிதான் வியர்த்திருந்தது. கரிப்பெட்டி என்போம். பிளாஸ்டிக் பெட்டிக்குள்ளே கரித்துண்டுகள். டேங்கில் எழும்புகிற பெற்றோல் ஆவி அந்தக் கரியில் போய் ஒட்டிக்கொள்ளும். வண்டி ஓடும்போது எஞ்சின் அதை உறிஞ்சி எரித்துவிடும். காற்றில் கலக்காமல், ஆளுக்கு மணக்காமல் பார்த்துக்கொள்ள வைத்தது.

கொட்டகலையில் தெரிந்த கராஜ்காரருக்குப் போன் பண்ணினேன். "அதெல்லாம் தேவையில்லாத சாமான். கழட்டி வீசிட்டு பைப்ப அப்படியே கீழ தொங்க விடுங்க. எல்லாரும் அதத்தான் செய்யிறாங்க" என்றார். எல்லாரும் செய்கிறார்கள்தான். ஆனால் எல்லாருடைய வண்டியிலும் என் அண்ணன் போவதில்லையே. வீசிவிட்டால் அந்த ஆவி நேரே சீட்டுக்குத்தானே வரும்? அவருக்கு நன்றி சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

ஆக, ஞாயிற்றுக்கிழமை கழற்றுவது, திங்கட்கிழமை வேறு பெட்டி தேடுவது, செவ்வாய்க்குள் மாட்டுவது. இதுதான் கணக்கு. இதற்கு டேங்கில் பெற்றோல் குறைவாக இருக்க வேண்டும். சனிக்கிழமை லீக்ஸ் ஏற்றி ஓட்டி, இருந்ததைச் செலவழித்தேன். வருஷக்கணக்கில் பாதிக்குக் கீழே இறங்காத முள் சிவப்பைத் தொட்டது. நடுவில் நிரப்பிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

எங்கள் தோட்டத்தில் மட்டமான நிலம் என்று சொல்ல இருப்பது பெரட்டுக்களம்தான். காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரிக்கிற இடம். ஞாயிறென்றால் காலியாக இருக்கும். வண்டியை அங்கே நிறுத்தி, உருளாமல் சில்லுகளுக்குக் கல் வைத்தேன். அண்ணன் தானாகவே கிளம்பி வந்தார். ஊசி ஏறுகிற இடது கையில் பாரம் தூக்கக்கூடாது. அதனால் வலது கையில் ஒரு மரக்கறிப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து, காற்று வருகிற பக்கமாகக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீ வேலையப் பாரு. நெருப்பு வராம நான் பாத்துக்கிறேன்."

அன்றைக்கு அவர் இருந்த மிடுக்கைப் பார்க்க வேண்டும். ஃபெக்டரி வாசலில் நின்ற அதே ஆள். களத்து ஓரமாகப் பீடியோடு போன ஒருவரை, "அங்கேயே நில்லுங்க! அணைச்சிட்டு வாங்க!" என்று அதட்டினார். கோயிலில் கற்பூரம் கொளுத்துகிறார்களா, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

முதலில் பற்றரியின் ஒரு வயரைக் கழற்றினேன். டேங்க் மூடியைத் திறந்து உள்ளே அடைபட்டிருந்த காற்றை விட்டேன். பிறகு கீழே படுத்தேன். பெட்டியில் மூன்று குழாய்கள் வந்து சேரும். ஒன்று டேங்கிலிருந்து வருவது, ஒன்று எஞ்சினுக்குப் போவது, ஒன்று வெளிக்காற்றுக்கு. மாற்றி மாட்டினால் கதை கெட்டுவிடும். என் மனைவியின் தையல் டப்பாவிலிருந்து நூல் கொண்டுபோயிருந்தேன்.

"அண்ணே, ஞாபகம் வச்சிக்குங்க. மஞ்ச நூலு டேங்குக்கு. செவப்பு எஞ்சினுக்கு. வெள்ள காத்துக்கு."

"மஞ்ச டேங்குக்கு, செவப்பு எஞ்சினுக்கு, வெள்ள காத்துக்கு" என்று அவர் திருப்பிச் சொன்னார்.

ரப்பர் குழாய்கள் வெயிலிலும் சேற்றிலும் கிடந்து இறுகிப்போயிருந்தன. இழுத்தால் கிழியும். குறட்டால் கிளிப்பை நெரித்துத் தள்ளிவிட்டு, குழாயை மெதுவாகத் திருகித் திருகித்தான் எடுக்க வேண்டும். இரண்டு குழாய் பணிந்துவிட்டது. டேங்கிலிருந்து வந்த குழாய் மட்டும் அடம்பிடித்தது. அது கழன்றதும் என் முழங்கை வரைக்கும் பெற்றோல் ஓடியது. ஆவி வர வேண்டிய குழாயில் பெற்றோலா என்று யோசித்துக்கொண்டே போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டு ஊற வைத்தேன். துருப்பிடித்த ஒரு போல்ட் பாதியில் முறிந்தது. வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். அண்ணன் மேலேயிருந்து, "வண்டிக்குக் காது கேக்காதுடா" என்றார்.

பெட்டி கையோடு வந்தபோது பாரமாக இருந்தது. உள்ளே கரி மட்டும் இருந்தால் ஒரு கையில் பிடிக்கலாம். இது தண்ணீர்க் குடம் போலக் கனத்தது. வெளியே வந்து, ஒரு தகரத்துக்கு மேல் கவிழ்த்தேன். கறுப்புத் தூளோடு பெற்றோல் கொட்டியது. நான் ஆட்டி ஆட்டி ஊற்றிய பெற்றோல். டேங்கில் இடமில்லாமல், மூச்சுவிட இருந்த வழியால் ஏறி, கரியை ஊறவைத்து, அங்கிருந்து கசிந்து, அண்ணன் உட்கார்கிற சீட்டுக்கு நாற்றமாக வந்திருக்கிறது. அவரை எப்படியாவது கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று நான் செய்த காரியம்தான் அவரை வண்டியில் ஏற விடாமல் அடித்தது. அந்தத் தகரத்துக்கு முன்னால் குந்திக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டேன்.

அண்ணன் எழுந்து வந்து பார்த்தார். முழுக்கச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. தகரத்தைப் பார்த்தபடி, "அப்ப இது சரியாயிருமா?" என்று கேட்டார். "வேற பொட்டி போட்டா நாத்தமே வராது அண்ணே" என்றேன். "ஓ" என்றார். திரும்பிப் போய் மரக்கறிப் பெட்டியில் உட்கார்ந்தார். அந்த 'ஓ'வை நான் அப்போது கவனிக்கவில்லை. சந்தோஷத்தில் இருந்தேன்.

திங்கட்கிழமை பழைய பெட்டியைப் பை மேல் பை போட்டுச் சுற்றி ஹட்டன் பஸ்ஸில் ஏறினேன். இரவெல்லாம் காற்றில் வைத்தும் வாடை போகவில்லை. "மொகத மே கந்த?" என்று கண்டக்டர் சிங்களத்தில் அதட்டி, என்ன நாற்றமென்று பையைப் பார்த்தார். விஷயத்தைச் சொல்லிக் கெஞ்சி, திறந்த கதவுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு போனேன்.

ஹட்டனில் பழைய வாகனச் சாமான் விற்கிற முஸ்லிம் கடைக்காரரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். அவர் பையைப் பிரிக்காமலேயே கையில் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்.

"வாய் வரைக்கும் ஊத்துறீங்க, இல்லயா?"

"ஆமாங்க நானா."

"கியூ காலத்துக்குப் பொறகு இந்தப் பொட்டிக்குத்தான் ஆள் வருது. பயம் இன்னும் போகல்ல ஒருத்தருக்கும். எனக்கும்தான். என்ட வாப்பாட மருந்துக்கு ஓடின ஓட்டம் எனக்குத் தெரியும்." சிரிப்பு நின்றுவிட்டது. கடைக்குப் பின்னால் போய் நெடுநேரம் தேடி, என் வண்டிக்குப் பொருந்துகிற பெட்டியொன்றைத் தூசு தட்டிக்கொண்டு வந்தார். குலுக்கிக் காட்டினார். சலசலவென்று காய்ந்த சத்தம். "நல்லா ஈக்குது. ஆனா பம்ப் டக்குன்னு நின்டா நீங்களும் நிக்கோணும். டேங்குக்குள்ள கொஞ்சம் வெறும் இடம் வேணும்."

மாலைக்குள் திரும்பி வந்து மாட்டத் தொடங்கினேன். கீழே படுத்தபோதுதான் தெரிந்தது, மஞ்சள் நூலும் சிவப்பு நூலும் பெற்றோலில் சாயம் போய் ஒரே நிறமாகிக் கிடந்தன. அழுக்கில் எந்தக் குழாய் எங்கிருந்து வருகிறதென்றும் புரியவில்லை. "அண்ணே!" என்று கூப்பிட்டேன்.

அவர் குனிந்து டோர்ச் அடித்தார். "ஒன்னோட கைக்குக் கிட்ட இருக்கிறது மஞ்ச, டேங்குக்கு. கிளிப்பு வளைஞ்சது செவப்பு, எஞ்சினுக்கு" என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். முதல் நாள் கழற்றும்போது அவ்வளவு கூர்மையாகப் பார்த்து வைத்திருக்கிறார். அவர் சொன்னபடியே மாட்டினேன்.

வேலை முடிந்ததும் களத்தைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓட்டி வந்து, கண்ணாடிகளை ஏற்றி மூடிவிட்டு அவரை உள்ளே உட்காரச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தார். ஃபெக்டரியில் தூளை உள்ளங்கையில் வைத்து முகர்கிற அதே மாதிரி. ரொம்ப நேரம் இருந்தார்.

"வாடை போயிருச்சு" என்றார்.

நான் கையைத் தட்டிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. முன் கண்ணாடி வழியாகக் களத்தைப் பார்த்துக்கொண்டு, தனக்குத்தானே சொல்வது போல, "இனி என்னத்தச் சொல்லி நான் வீட்டுல இருக்கிறது" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாற்றம் பொய்யில்லை, வாந்தி பொய்யில்லை. ஆனால் அது அவருக்கு ஒரு சாக்காகவும் இருந்திருக்கிறது. ஊசி, மெஷின், திரும்பி வந்து துவண்டு கிடக்கிற இரவு, மறுபடி செவ்வாய், மறுபடி வெள்ளி. களைத்துப்போன மனிதர் அதை நேராகச் சொல்ல மனம் வராமல் பெற்றோலின் மேல் போட்டிருக்கிறார். அந்தச் சாக்கையும் நான் கழற்றி எடுத்துவிட்டேன். அதற்கு நெருப்புக் காவல் இருந்தவர் அவரேதான். சற்று முன் ஒரு நிறத்தை மாற்றிச் சொல்லியிருந்தால் செவ்வாய்க்கிழமை வண்டி கிளம்பியிருக்காது. மாற்றிச் சொல்லவில்லை. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஸ்பானர்களைப் பொறுக்குவது போல வெளியே இறங்கிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அவர் மறுபேச்சில்லாமல் ஏறினார். போகிற வழியில் ஷெட்டுக்குள் வண்டியை விட்டேன். முள் இன்னும் சிவப்பிலேயே கிடந்தது. பம்ப் ஓடியது, 'டக்' என்று நின்றது. பம்ப் அடிக்கிறவர் என்னைத் தெரிந்தவர். பழக்கத்தில் பின்தட்டைப் பார்த்து, "ஆட்டுறீங்களா?" என்றார்.

என் கை தட்டின் மேல்தான் இருந்தது. சோடாப் போத்தல்கள் ஞாபகத்துக்கு வந்தன. "வேணாங்க, போதும்" என்றேன். அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு பாடாக இருந்தது என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்காது.

உள்ளே வந்து உட்கார்ந்தபோது அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி வழியாக எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்.

"தம்பி, ஒன்னு சொல்லவா?"

"சொல்லுங்கண்ணே."

"இப்ப வாரேன். எப்பவும் போல வாரேன். ஆனா ஒரு நாளு நான் போதும்னு சொல்லுவேன். அன்னைக்கி நீயும் ஒம் பொண்டாட்டியும் என்னைய ஆட்டி ஆட்டி ஊத்தக் கூடாது."

பின்னால் நின்ற வண்டி ஹார்ன் அடித்தது. அப்படியெல்லாம் பேசாதீங்க என்று அதட்டத்தான் வாய் போனது. அவருடைய இடது கை என் பக்கத்தில் கிடந்தது. ஊசி ஏற்றி ஏற்றி நரம்பு புடைத்த கை. அதைப் பிடித்தேன். தோலுக்குக் கீழே ரத்தம் இரைந்துகொண்டு ஓடுவது உள்ளங்கையில் தெரிந்தது.

"சரிண்ணே" என்றேன்.

அவர் கண்ணாடியை இறக்கவில்லை. நானுஓயாவுக்கு முன்னாலேயே தூங்கிவிட்டார்.

இன்றுவரைக்கும் அவர் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. செவ்வாயும் வெள்ளியும் வருகின்றன. நான் இப்போது ஹார்ன் அடிப்பதில்லை. வண்டியை வாசலில் நிறுத்தி, அவர் பக்கத்துக் கதவைத் திறந்துவைத்துவிட்டு என் சீட்டில் உட்கார்ந்திருப்பேன். அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு, வாசலில் கொஞ்ச நேரம் நிற்பார். அவராக வந்து ஏறி உட்காரும் வரைக்கும் நான் சாவியைத் திருப்புவதில்லை.